தலையாட்டி

நான் வேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மா வீட்டுக்குச் சாமான் வாங்க பல்லாரோ சந்தைக்குப் போன ஒரு காலையில், எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் இருவர் என்னை மறித்தார்கள். சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாவில் புதிதாக ஒருவர் அறை எடுத்திருக்கிறாராம். இயக்கத்தில் பெரிய தளபதியாக இருந்து, கடைசியில் இராணுவத்தின் பக்கம் போனவர் என்று சந்தேகம். அந்தத் தளபதியை நேரில் தெரிந்தவள் பலெர்மோவில் நான் ஒருத்திதான்.

தெரிந்தவள் என்ன, சமைத்துப் போட்டவள். என் கணவர் அவருக்குக் கீழே இருந்தார். சண்டை முடிந்து நாங்கள் இராணுவத்திடம் வந்தபோது, ஒரு வாகனத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். உள்ளே முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் இருந்தார். அவர் தலையை ஆட்டினால் ஆளைத் தனியே கொண்டுபோய்விடுவார்கள். அப்படி இருப்பவரைத் தலையாட்டி என்போம். என் கணவருக்கு அவர் தலை ஆடியது. பிறகு தண்ணீர் குடிக்கத் துணியைத் தூக்கினார். அப்போதுதான் கண்டேன். என் கையால் மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வாய்.

அதன் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்னமும் பொட்டு வைக்கிறேன். அழுகை எப்போதோ நின்றுவிட்டது.

"அக்கா, நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார் ஒருவர். என்ன கேட்கிறார் என்று அவருக்கே விளங்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. இவர்கள் அடித்துத் துரத்திவிட்டால், பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பது?

அவர்கள் காட்டிய ஆள் சற்றுத் தள்ளி ஒரு கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். தொப்பை வைத்திருந்தது. ஆனால் அவரேதான். நான் தலையை ஆட்டாமல் நேரே கிட்டப் போனேன். என்றைக்காவது கண்டால் முகத்தில் துப்புவேன் என்று நினைத்திருந்தவள் நான். வாயில் ஈரமே இல்லை.

என் கணவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். கத்தரிக்காயைக் கூடையில் திரும்ப வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற அந்த இருவரையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தெரியாது தங்கச்சி. நான் வாகனத்தாலை இறங்கவே இல்லை. தலை ஆட்டினதோடை என்ரை வேலை முடிஞ்சுது. பேந்து என்ன நடந்தது எண்டு நான் ஒருத்தரையும் கேக்கேல்லை."

முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். இத்தனை காலம் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அந்த இருவரும் அவர்தானா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். சிஞ்ஞோராவுக்குத் தக்காளியும் நெத்தலியும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. என்ன நடந்தது என்று நானும் ஒருவரையும் கேட்கவில்லை.