கால் தரையில் படும்வரை

காலை ஆறு மணிக்குக் கொக்கியார் பனியன் கிழிக்கிறார். உடம்பில் போட்டிருப்பதை அல்ல, பையில் மடித்துக் கொண்டுவந்த பழையதை. பாதியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, ஹெலிகாப்டர் வாசலுக்கு மேலே இருக்கும் விஞ்ச் என்ற சுருட்டும் உருளையிலிருந்து இறக்கிவிடப்பட்டுத் தரையில் நீண்டு கிடக்கும் எழுபத்தைந்து மீட்டர் எஃகு வடத்தை அந்தத் துணிக்குள் பிடிக்கிறார். ஒரு மெக்கானிக் பொத்தானை அழுத்த, வடம் அவர் கைக்குள் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிச் சுற்றிக்கொள்கிறது. எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் பனியனுக்குத் தெரிந்துவிடும். "புதுத் துணி ஆகாது. அம்பது தடவ தோய்ச்ச பனியன்தான் பொய் சொல்லாது" என்பார்.

வடம் முழுதும் ஏறி முடிந்ததும் சோதனைப் புத்தகத்தில் தேதி, 'நல்ல நிலை', கையெழுத்து, பணி எண். இருபத்தேழு வருடமாக இதே வரிசை. கையெழுத்தில்லாமல் யாராவது ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினால் வாங்கமாட்டார். "பேர் போடாம எழுதினா அது மொட்டைக் கடுதாசி. எடுத்துட்டுப் போ."

வீட்டில் இதற்கு வேறு கணக்கு ஓடும். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "மத்த வீட்டுல எல்லாம் நகை காணாமப் போகும். எங்க வீட்டுல பனியன் காணாமப் போகுது. போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க" என்பது அவருடைய பழைய புகார். டீ ஊற்றும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சும்மா இருப்பாரா? கோப்பையையே பார்த்துக்கொண்டு, "இன்னும் மூணு... ரெண்டு... ஒண்ணு... நில்லு" என்று எண்ணுவார். கடலில் தத்தளிப்பவனை நோக்கி விமானியை நகர்த்தும் அதே குரல். அந்த அம்மாள் ஒருநாளும் 'நில்லு'வில் நிறுத்தியதில்லை. வேண்டுமென்றே ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றுவார்.

வேலை அப்படிப்பட்டது. கடலில் ஒருவன் விழுந்துவிட்டால் இவர் ஹெலிகாப்டரின் வாசலில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, விமானிக்குத் தெரியாததை எல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி, வடத்தின் நுனியில் தொங்கும் கொக்கியை அவன் தலைக்கு நேரே இறக்குவார். கொக்கியோடு வரும் பட்டையை மாட்டிக்கொண்டவனை மேலே இழுப்பார். அதனால்தான் கொக்கியார். தெருவில் நடக்கும்போதும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையைத்தான் பார்க்கும். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து உதவிக்கு வந்தவர்கள் உண்டு.

ஹெலிகாப்டருக்கு அந்தக் கடலோர மீட்புத் தளத்தில் எல்லாரும் வைத்த பெயர் மாமியார். நாற்பத்தோரு வயது. சத்தத்தில் காது கிழியும், கால்மாட்டில் எண்ணெய் சொட்டும், கதவு இரண்டு உதை வாங்காமல் திறக்காது. ஆனால் கூப்பிட்டு வராமல் இருந்ததில்லை. படகுகள் மீன் பிடிக்கும் கடலுக்கு மேலே போய் நிற்க, தொலைபேசி அடித்ததிலிருந்து நாற்பது நிமிடம். பணி அறையில் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: 'அழைத்தால் வந்து சேர: 40 நிமிடம்.' பலகையைத் தினமும் துடைத்து அதே எண்ணைத் திரும்ப எழுதுவதும் கொக்கியார்தான்.

மாமியாருக்கு ஓய்வு கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஆளுக்கு ஆள் இவரிடம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டி.வி.யிலிருந்து வந்த பெண் மைக்கை மூக்குக்குக் கீழே நீட்டி, "கண்ணு கலங்குதா சார்?" என்று கேட்டாள்.

"கலங்குது. வயித்தெரிச்சல்ல."

அந்தப் பகுதியை ஒளிபரப்பவில்லை. அவர் ஹெலிகாப்டரைத் தடவிக்கொடுப்பது போல ஒரு காட்சி வந்தது. உண்மையில் அப்போது எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நியாயத்தைச் சொன்னால் அவருக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு மயக்கமும் இல்லை. "போகட்டும். தாராளமாப் போகட்டும். தேஞ்சு போச்சு. நானே ரெண்டு தடவ அது மேல தலைய இடிச்சு தையல் போட்டவன். ஆனா புதுசு எங்க?" புதியது வரும். எட்டு மாதம் கழித்து. அதுவரைக்கும்? வடக்கே உள்ள தளத்திலிருந்து இன்னொரு ஹெலிகாப்டர் வருமாம். எவ்வளவு நேரத்தில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சரம்மாள் சாப்பாட்டு மேசையில் பழைய விடைத்தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தார். அங்கே கிளம்ப, கரையோரமாக வர, இங்கிருந்து மீன்பிடிக் கடலுக்குப் போக. கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி முப்பது நிமிடம். மிதவைச் சட்டை இல்லாதவன் அந்தக் கடலில் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய காரியம். அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்தார். அவருடைய தம்பி ஒரு மீன்பிடிப் படகில் இயந்திரம் ஓட்டுகிறவர்.

தளத்து வாசலிலும் துறைமுகத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'மீட்புப் பணியில் எவ்வித இடைவெளியும் ஏற்படாது.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஒரு கடலையே மறைக்கிறார்கள். அடியில் முத்திரை இருந்தது. கையெழுத்து இல்லை. கொக்கியார் இரண்டு தடவை குனிந்து தேடினார்.

மனு எழுதினார். ஒன்றல்ல, மூன்று. மூன்றிலும் ஒரே வேண்டுகோள்: எஞ்சினில் இன்னும் இருநூறு மணி நேரம் பறக்க ஆயுள் இருக்கிறது, புதியது வந்து இறங்கும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. 'தங்கள் உணர்வு மதிக்கப்படுகிறது.'

"உணர்வா? நான் என்ன காதல் கடுதாசியா எழுதினேன்?" அன்றைக்கு வீட்டில் டீ எண்ணப்படவில்லை. வழிந்து மேசையில் ஓடியது. "நிமிஷக் கணக்கு எழுதி அனுப்பினா உணர்வுங்கறான். கணக்குப் போட்டவ நீ. உனக்கு உணர்வு எவ்வளவு வந்துச்சு, சொல்லு."

"ஏங்க, ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு. வாய மூடிட்டு இருந்தா மரியாதையா வீட்டுக்கு வரலாம்" என்றார் அந்த அம்மாள், மேசையைத் துடைத்தபடி. கொஞ்சம் பொறுத்து, "ஆனா கணக்கு சரிதான்" என்றும் சொன்னார்.

வழியனுப்பு விழாவைக் குறை சொல்ல முடியாது. பந்தல், பேண்டு, வரிசையாக நாற்காலிகள், தண்ணீர்ப் பாட்டில்கள். எட்டு மாதத்துக்கு ஹெலிகாப்டர் கிடைக்கவில்லை, ஒரு காலைக்கு இருநூறு நாற்காலி கிடைத்தது. தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். மாமியார் கடைசியாக ஒருமுறை பறந்து வந்து மைதானத்துக்கு மேலே நிற்க வேண்டும். கொக்கியார் கொக்கியை இறக்க வேண்டும். அதிகாரி அதில் ஒரு பூங்கொத்தை மாட்ட வேண்டும். புகைப்படம்.

இந்த வேலையில் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. சுழலும் இறக்கை காற்றோடு உரசி உரசி ஹெலிகாப்டரில் மின்சாரம் சேர்ந்துவிடும். கொக்கி முதலில் தண்ணீரையோ தரையையோ தொட்டால் அந்த மின்சாரம் அதில் இறங்கிவிடும். முந்திக்கொண்டு யார் பிடித்தாலும் அவர் உடம்பு வழியாக இறங்கும். எட்டு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து மிதந்தபோது டீச்சரம்மாளின் தம்பியே அவசரப்பட்டுப் பிடித்து, ஓர் அடி வாங்கி, பிறகுதான் மேலே ஏறினார். "கடல்கிட்ட தப்பிச்சேன். எங்க மாமா கொக்கிகிட்டதான் செத்திருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்.

ஒத்திகையில் இதை மூன்று தடவை சொன்னார்கள். அதிகாரியின் உதவியாளர் தலையாட்டிக் குறிப்பெடுத்தும் கொண்டார். மறுநாள் கொக்கி இறங்கியது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே புகைப்படக்காரர், "கைய மேல தூக்குங்க சார்" என்றார். அதிகாரியும் தூக்கினார். வாசலில் குப்புறப் படுத்திருந்த கொக்கியார் சட்டென்று வடத்தை மேலே இழுக்கப் பார்த்தார். அதற்குள் அதிகாரி கொக்கியைப் பிடித்துவிட்டார்.

பூங்கொத்து ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். தொப்பியை மாமியாரின் காற்று மைதானத்தின் கடைசிவரைக்கும் உருட்டிக்கொண்டு போனது. இருநூறு நாற்காலியும் மூச்சுவிடாமல் இருந்தபோது பின்வரிசையில் ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யார், மைத்துனர்தான்.

மாமியார் தரையிறங்கியதும் அதிகாரி கொக்கியாரைக் கூப்பிட்டனுப்பினார். தளத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலைக்கு நகர்ந்தார்கள். ஆனால் மனிதர் நல்லவிதமாகவே சிரித்தார். "என்னய்யா, கடைசி நாள்ல உங்க மெஷின் என்னைக் கடிச்சிடுச்சே."

"கொக்கி தரையத் தொடற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. சொல்லியிருந்தோம்."

"சரி சரி. தெரியாமப் பண்ணிட்டேன்."

"இன்னொரு விதியும் இருக்குங்க." கொக்கியாரின் குரல் உயரவில்லை. கோப்பையைப் பார்த்து எண்ணும் அதே குரல். "கீழ இறக்கிவிட்ட ஆளோட கால் தரையில படணும். பட்டுட்டேன்னு அவன் கை காட்டணும். அதுக்கு முன்னாடி கொக்கியக் கழட்டக் கூடாது. பாதி வழியில கழட்டினா அது கொலைங்க. இந்தக் கரையில இருக்கறவங்களை எட்டு மாச உயரத்துல கழட்டி விடறீங்க."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தன் குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு அதிகாரி கொக்கியாரின் தோளில் கையை வைத்து, மிகவும் கனிவாகச் சொன்னார்: "உங்க உணர்வு எனக்குப் புரியுது."

கண்ணாடியில் செய்த சின்ன ஹெலிகாப்டர் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் விஞ்ச் இல்லை.

மாலைக்குள் மாமியாரின் வயிற்றிலிருந்து எரிபொருளை இறக்கிவிட்டார்கள். இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பணி அறையில் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்த எழுத்தர், "சார், அந்தப் பலகையையும் அழிச்சிடுங்க. இனிமே அது தேவையில்ல" என்றார். கொக்கியார் அழிக்கவில்லை. ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க சார் எடுத்துட்டுப் போறீங்க?"

"தேவைப்படற இடத்துக்கு."

ஸ்கூட்டரின் முன்னால் பலகையை நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு துறைமுகம் போனார். மீன் ஏலக் கொட்டகையில், புயல் எச்சரிக்கை ஒட்டும் தூணில், அந்தப் பூசணிக்காய் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி இருந்தது. மாட்டினார். ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். விடியும் முன் அவர்கள் படகு கிளம்ப வேண்டும். மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மாமா, இது உங்க ரூம்ல இருக்கறதுதான?"

கொக்கியார் சட்டைப் பையிலிருந்து காலையில் கிழித்த பனியனின் மீதிப் பாதியை எடுத்து, நாற்பதைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்து எழுதினார்: '2 மணி 30 நிமிடம்.'

கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்த அறிவிப்பை ஒருமுறை படித்தார், பலகையை ஒருமுறை படித்தார். மிதவைச் சட்டைகள் படகின் அடித்தளத்தில் எந்த மூலையில் கிடக்கின்றன என்று இன்னொருவரிடம் கேட்டார். இருவரும் படகை நோக்கி நடந்தார்கள்.

மைத்துனருக்குச் சிரிப்பு வரவில்லை. "இத எழுதினா உங்கள சும்மா விடுவாங்களா மாமா? யாரு எழுதினதுன்னு கேப்பாங்களே. அக்காவுக்குத் தெரியுமா?"

"கணக்கே அவ போட்டதுதான்."

அப்புறம் கொக்கியார் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, எழுதியதைப் படித்துப் பார்த்தார். திரும்பக் கிட்டே போய், எண்ணுக்குக் கீழே தேதி போட்டார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பணி எண்ணை எழுத ஆரம்பித்தார். பாதியில் சாக்பீஸ் உடைந்து விழுந்தது. குனிந்து துண்டை எடுத்து, மீதி எண்ணையும் எழுதி முடித்தார்.