காற்றைக் காலுக்குத் திருப்பலாம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரின் காய்ச்சலையும் இந்தக் கையால் தொட்டுப் பார்த்தே இறக்கினவள். ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றதால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

காரில் ஏசியை எப்படி வைப்பது என்று எழுதுகிறேன். அது தெரியாமல் நான் செய்ததையும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் லோரி ஓட்டினவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு கையைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போவோம். மூத்த மகள் ஓட்டுவாள். அவர் முன்னால், நான் பின்னால். மெஷினை விட்டு எழுந்தால் அவருக்கு உடம்பு நடுங்கும். அதனால் காரில் ஏறியதும் நான் எட்டி ஏசியை அடைத்துவிடுவேன். பூப்போலப் படம் போட்ட பொத்தான். பனியாம் அது. நான் எங்கே பனியைக் கண்டேன்?

அன்று மதியம் கார் வெயிலில் நின்று கொதித்துக் கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் சூடு இறங்கக்கூட விடாமல் ஏறிவிட்டோம். நெடுஞ்சாலையில் ஜேம், வண்டிகள் நகரவே இல்லை. மழையும் பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை ஏற்றிவிட்டோம்.

"கண்ணு, ஏசியப் போடும்மா. மூச்சு முட்டுது" என்றார் மகளிடம்.

அவள் கையை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன்.

"நடுங்குன ஒடம்பு. ஆறு புள்ள வளத்தவளுக்குத் தெரியாதா?"

"அம்மா, அது வந்து..."

"நீ ரோட்டப் பாரு."

அவர் சிரித்தார். "விடு லா கண்ணு. ஒங்கம்மா பெரிய டாக்டரு. எதுத்துப் பேசினா ஊசி போட்டுருவா."

கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியின் உள்ளே ஆவி வெள்ளையாகப் படிந்துவிட்டது. மகள் துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. ரோடு தெரியவில்லை என்று ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நிறுத்தினாள். அவர் ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி, அந்த இடுக்கில் விரல்களை வெளியே நீட்டினார். நனைந்த விரலை எடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டார். மறுபடியும் நீட்டினார்.

"சளி புடிக்கும், மூடுங்க" என்றேன். மூடிவிட்டார்.

நாலு நாளில் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது, வேறொன்றும் காரணமில்லை என்றார் டாக்டர். சரி. ஆனாலும் அந்த மனிதர் கேட்டது கொஞ்சம் காற்று.

கருமாதி முடிந்து, அவருக்காக இரவல் வாங்கிய சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அன்றும் மழை. மகள் பூப் பொத்தானை அமுக்கினாள். குளிர்க் குமிழைக் குறைத்தாள், விசிறியை ஒன்றில் வைத்தாள், என் பக்கத்துக் காற்றை மேலே பார்க்கத் திருப்பினாள். கண்ணாடி தெளிந்தது. எனக்குக் குளிரவே இல்லை.

"இப்படியும் வைக்கலாமா?"

"வைக்கலாம் மா. கால் பக்கமும் விடலாம்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தான் வந்தேன் மா."



நோயாளியைக் காரில் ஏற்றுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற காரென்றால் முதலில் கதவுகளைத் திறந்து சூட்டை விடுங்கள். மழையில் ஏசியை அடைக்காதீர்கள், குளிரைக் குறையுங்கள். காற்று மூஞ்சியில் அடித்தால் காலுக்குத் திருப்புங்கள். ஆள் உட்கார்ந்த படம் போட்ட பொத்தானில் காலுக்கு அம்பு இருக்கும், படிக்காதவளுக்கும் புரியும். எல்லாவற்றுக்கும் முன்னால், குளிருதா, வேர்க்குதா என்று அவரையே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். கண்ணு, இதை ஒரு தரம் எனக்குப் படித்துக் காட்டு. தாத்தா ஜன்னலில் விரலை நீட்டுகிற இடம் வந்தால் மட்டும் மெதுவாகப் படி.