என் கார்டில் ஓர் ஆண் பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் போடும் வங்கி வலிய வந்து எனக்கொரு கிரெடிட் கார்டு கொடுத்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த என் கணவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி பட்டாக் கெட்டுப்போயிருமா?" என்று மட்டும் கேட்டார்.

மேட்டுப்பாளையத்தில் என் நாத்தனார் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அதற்கு முதல் நாள் கோவை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்தேன். முகூர்த்த மாதம், கல்லாவில் நெரிசல். கல்லாக்காரர் என் கார்டைக் கையடக்கமான ஓர் இரும்புக் கருவியில் வைத்து, மேலே கார்பன் ரசீதைப் போட்டு, பிடியை 'சரக்'கென்று இழுத்தார். கையெழுத்துப் போட்டேன். புடவைப் பை, ரசீது, கார்டு மூன்றும் யார் யாரோ தலைக்கு மேலாக என்னிடம் வந்து சேர்ந்தன. பார்க்காமல் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விருந்து முடிந்து பெண்களெல்லாம் புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "காசே குடுக்கல அண்ணி, இதைத்தான் நீட்டுனேன்" என்று கார்டை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏம்மணி, இதுல ஆம்பளை பேரு போட்டிருக்குது?"

பிடுங்கிப் பார்த்தேன். அதே வங்கி, அதே நீலம். ஆனால் முன்னால் மூன்று இனிஷியலோடு யாரோ ஓர் ஆணின் பெயர். என் கார்டு எங்கே?

வீடு முழுக்க ஆலோசனை கிளம்பியது. போலீசுக்குப் போகச் சொன்னார் ஒருவர். இந்நேரம் அந்த ஆள் கார் வாங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். என் கணவர்தான், "மொதல்ல பேங்குக்குச் சொல்லு அம்மணி. கார்டை நிறுத்திப்போட்டா அவன் எங்க கொண்டுபோய் நீட்டுனா என்ன" என்றார். கையிலிருந்த கார்டின் பின்பக்கத்திலேயே வங்கியின் சென்னை நம்பர் இருந்தது. என் கார்டின் நம்பர், ஜவுளிக்கடை ரசீதில் நீலமாகப் பதிந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் கணவரும் ஓடினோம். துணைக்கு நாத்தனாரும் வந்தாள். கூண்டுக்குள் ஃபேன் ஓடாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். லைனோ இரைச்சல். நான் ஒவ்வொரு எண்ணாகக் கத்தினேன். சென்னையில் எடுத்த பெண்ணுக்குப் பாதிதான் கேட்டது.

"ஏழு! ஏழு!"

"ஆறா மேடம்?"

"ஏழுங்க, ஏழு!" என்று வரிசையில் நின்ற பாக்கு வியாபாரி எனக்காகக் கத்தினார். அடுத்த எண்களுக்குப் பூத்துக்காரரும் சேர்ந்துகொண்டார். பிறகு அம்மா பெயர் கேட்டாள், கத்தினேன். பிறந்த தேதி கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லை, வருஷத்தோடு கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து, தான் மூத்தவள் என்ற உரிமையில் என்னை வேலை ஏவிக்கொண்டிருந்தவள், விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"உங்க கார்டை நிறுத்தியாச்சு மேடம்" என்றாள் சென்னைப் பெண். "இனி யாரும் பயன்படுத்த முடியாது. நீங்க சொன்னதை ஒரு கடுதாசியா எழுதியும் அனுப்பிருங்க. அடுத்த மாசக் கணக்கு வந்ததும் ரசீதுகளோட ஒத்துப் பாருங்க. தெரியாத செலவு இருந்தா உடனே சொல்லுங்க. இப்ப உங்க கையில இருக்கற கார்டோட நம்பரைச் சொல்லுங்க."

சொன்னோம், அதாவது நான், பாக்கு வியாபாரி, பூத்துக்காரர் மூவருமாக. அவள் அந்த நம்பரைத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள்.

"மேடம்... இது திருடு போயிருச்சுன்னு காலையிலயே ஈரோட்டுல இருந்து புகார் வந்திருக்கு. ஒரு லேடி தன்னோட கார்டை வெச்சுட்டு, இவரோடதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றார்."

"நானா?" என்று நான் போட்ட சத்தத்தில் ஊட்டி பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பூத்துக்கு வெளியே பாக்கு வியாபாரி என் கணவரிடம் மெதுவாக, "அம்மணி அப்படிச் செய்யற மாதிரித் தெரியலைங்களே" என்று எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

வங்கியில் ஈரோட்டுக்காரரிடமும் பேசிவிட்டு, மறுநாள் காலை இரண்டு பேரையும் அந்தக் கடைக்கே வரச் சொன்னார்கள். அவர் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, சாதுவான முகம். ஆனால் கூட வந்த அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் சாந்தம் இல்லை.

"ஏனுங்க, நேத்துப் பூரா உங்களைத் திருடின்னுதானுங்க சொல்லிட்டிருந்தேன். மன்னிச்சுப்போடுங்க" என்றார் அவர்.

"பரவால்லீங்க. எங்க ஊட்டுல உங்களைக் கார் வாங்க வெச்சுட்டோம்" என்றேன்.

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கல்லாக்காரர், இரண்டு கார்டையும் ஒன்றாக மேசைமேல் வைத்ததும் மாற்றிக் கொடுத்ததும் தானே என்று ஒத்துக்கொண்டு, ஆளுக்கொரு காபி வரவழைத்தார். நிறுத்திய கார்டு இனி உதவாது, வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை வாங்கி, அவரவர் பெயரை அவரவரே நறுக்கினோம். என் கணவர் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். இந்தத் தடவை உடைந்தது.

அடுத்த மாதம் கணக்கு வந்தது. ரசீதுகளைப் பரப்பி வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் நான் செய்த செலவுதான். அன்று சாயங்காலமே ஈரோட்டிலிருந்து போன்.

"என்ற கணக்குல ஒண்ணும் வித்தியாசமில்லீங்க. உங்களுதுல?"

"எனக்கும் ஒண்ணுமில்லீங்க."

"அப்ப திருடன்னு ஒருத்தனும் இல்லவே இல்லீங்களா?" என்றார். மண்டியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் போலும். குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. எனக்கும்தான்.