லேமினேட் செய்த படிவம்

எங்கள் எஸ்டேட்டில் பனிமூட்டம் காகிதத்தைச் சும்மா விடாது. பிறப்புப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவைப்பதுதான் லைன் வீடுகளில் வழக்கம்.

திருச்சியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். லோரி ஓட்டும் என் அப்பாதான் தாய்மாமன். நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை முகூர்த்தம். குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் விசா வேலை என்னிடம் வந்தது. விசாத் தாள், டிக்கெட், முன்கூட்டியே நிரப்பிய வருகைப் படிவம், எதையும் விடாமல் மலையடிவார டவுனான தானா ராத்தாவில் ஒரு கடையில் லேமினேட் செய்தேன்.

"இனி மழையில விழுந்தாலும் ஒன்னும் ஆகாதுலா," என்று அப்பா லைன் முழுக்கக் காட்டினார்.

திருச்சி விமான நிலையத்தில் அதிகாரி அப்பாவின் படிவத்தில் முத்திரை குத்தினார். மை வழுக்கி அவர் விரலில் ஒட்டியது. மறுபடி குத்தினார். மறுபடியும் விரலில்தான்.

"யாருங்க இதுக்கு பிளாஸ்டிக் போட்டது?"

திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை.

"நான்தாங்கய்யா," என்றார் அப்பா. "படிக்காதவன், தெரியாம செஞ்சிட்டேன். பையன் வேணாம்னுதான் சொன்னான்."

அதிகாரி சிரித்துவிட்டு இரண்டு புதுப் படிவங்களை நீட்டினார். "உங்க பையனையே எழுதச் சொல்லுங்க. இனிமே படிச்ச பிள்ளை பேச்சைக் கேளுங்க."

"சரிங்கய்யா," என்று அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். நான் குனிந்து எழுதினேன்.

மறுநாள் மண்டபத்தில் அத்தை, "பேப்பர் வேலையெல்லாம் யாருண்ணே பார்த்தா?" என்று கேட்டார்.

"என் மகன்தான். ஒரு குறை வைக்கல," என்றார் அப்பா.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.