மிஷினாக இருந்த மகள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் தொடுவதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. தலைமையாசிரியர் அறையில் ஒன்று இருக்கிறது, துணி போட்டு மூடியிருக்கும் என்பார்கள். அப்படியிருக்க, கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தர அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு இளம்பெண் வியாழக்கிழமைதோறும் பஸ்ஸில் வருகிறார் என்று நாலாவது படிக்கும் என் மகள் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். தப்பாக எதையாவது கேட்டுவிடுவேனோ என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை நூறு நாள் வேலையில் பள்ளி வேலியோரம் கருவேலஞ்செடி வெட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தப் பாடத்தைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்திருந்தார்கள். ஒரு பிள்ளை மிஷின். இன்னொரு பிள்ளை அதை ஏவ வேண்டும். “ரெண்டு கட்டம் முன்னால போ. வலப்பக்கம் திரும்பு. பந்த எடு.” நடக்கத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்; சொன்னதை மட்டும்தான் மிஷின் செய்யும். ஒரு பையன் “திரும்பு” என்று சொல்ல மறந்துபோக, மிஷினாக இருந்த பிள்ளை சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

பிறகு என் மகளின் முறை. மிஷினாக வந்து நின்றவன் மேலத்தெரு விவசாயியின் மகன். அவர்கள் காட்டில்தான் நான் பல வருஷமாகக் கூலி வேலை செய்கிறேன். மகள் கண்ணாலேயே கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அவனும் சந்தோஷமாகத்தான் நடந்தான். பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பெண் அரிவாளை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஏண்ணே, ஒங்கள அவுக அப்பா ஏவுறாரு. இங்க ஒங்க மக அவுக மகன ஏவுறா. கணக்கு நேராப் போச்சுல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பு வேலியோரத்தில் நிற்காது என்று தெரியும். சாயங்காலமே டீக்கடைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் காட்டு மோட்டார் ரூம் பக்கம் அந்தப் பையனின் அப்பா என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அய்யா என்பேன், அவர் நீ என்பார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“புள்ளைக வெளையாட்டு, எனக்குத் தெரியாதா? ஆனா எவனெவனோ சிரிக்கிறான். ஒம் மகட்ட சொல்லி வையி. அவ மிஷினாவே இருக்கட்டும். ஏவுறதுக்கு வேற புள்ளைக இருக்குல்ல.”

“சரிங்கய்யா” என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. “சொல்றதுன்னா டீச்சர்ட்ட போயிச் சொல்லுங்க. பச்சப்புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவீக?”

பள்ளிக் கேட்டைத் தாண்டி நாலு பேர் முன்னால் பேசும் தைரியம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. மகளிடமே சொன்னேன்.

“ஏம்ப்பா? நான் நல்லாத்தான சொன்னேன்?”

“சொன்னா கேளு.”

“மிஷினுக்கு ஏன்னு கேக்கத் தெரியாதாம்ப்பா. மிஸ்ஸு சொன்னாக. சரி, நானும் கேக்கல.”

நான் பாதிச் சோற்றோடு கை கழுவ எழுந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ரோட்டோரத்துப் பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் வரப்பில் நின்றார். ரோட்டில் யாரோ கத்துவது கேட்டு நிமிர்ந்தேன். என் மகள் யூனிபாரத்தோடு, பையில்லாமல், கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நேராக நடந்து வந்தாள். பின்னால் அந்தப் பையன் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் வெகு தூரத்தில் மிஸ். எதிரே கல் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. அவள் ஒதுங்கவில்லை. லாரிதான் பக்கவாட்டில் ஒடித்து மண்ணில் இறங்கிப் போனது.

களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது. லாரியைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் நடந்திருக்கிறாள்.

பையன் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் அப்பாவிடம் சொன்னான்: “முன்னால போன்னு சொன்னேம்ப்பா. எத்தன கட்டம்னு சொல்ல மறந்துட்டேன். அவ பாட்டுக்கு ஸ்கூல் கேட்டத் தாண்டிட்டா. நில்லு நில்லுன்னு கத்துறேன், நிக்கவே இல்ல. மிஷினுக்கு மொதல்லயே சொல்லியிருக்கணுமாம். எனக்கு ஏவ வரலப்பா. அவதான் நல்லாச் சொல்லுவா. நான் மிஷினா இருந்துக்கிறேன்.”

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மிஸ் வந்து சேர்ந்தபோது அழுகிற மாதிரி இருந்தார். சின்ன வயசுதான். “மன்னிச்சிருங்க, நான் கவனிக்கல. இனிமே இந்த வெளையாட்டே வேணாம்” என்று அவரிடம் சொன்னார். வரப்பில் செருப்போடு நிற்பவர்தான் பிள்ளையின் அப்பா என்று நினைத்துவிட்டார்.

“பாப்பாவோட அப்பா நான்தாம்மா” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “வெளையாட்ட நிறுத்த வேணாம். மிஷினா மட்டும் இருன்னு நான்தான் சொல்லிவிட்டேன். இனி மொற வந்தா அவளும் ஏவட்டும்.”

மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அவருக்குக் கேட்டது. மகனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மிஸ் என் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் மிச்சக் களையை எடுத்து முடித்தேன்.

மறுநாள் காட்டுக்குப் போனபோது, “இன்னைக்கு ஆளு இருக்கு, நீ போ” என்றார். அதற்கு மறுநாளும் ஆள் இருந்தது. புதன்கிழமை வரைக்கும் ஆள் இருந்தது. ரெட்டியபட்டிப் பக்கம் வேறு வேலை விசாரித்தேன். மழைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள்.

மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக நான் வீட்டில் இருப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “அப்பா, நாளைக்கு மிஸ்ஸு வருவாக. நான் ஏவவா, வேணாமா?”

“ஏவு” என்றேன்.

“என்னப்பா?” என்றாள். காதில் விழவில்லை போல.

அடுப்படியிலிருந்து மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.