ரொசெந்தோவின் ஒன்பதாம் நாள்

என் கணவரின் தங்கை ஹெர்மொஹெனா, எங்களுக்கு ஹெனா, பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவள். நாற்பத்தாறு வயது, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். தெருவில் அவளை ஊமை என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் இலோய்லோ ஊரே வேலையைப் போட்டுவிட்டு ரேடியோ முன்னால் உட்காருகிறதே, அந்த நாடகத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் புனைபெயரில் எழுதுவது அவள்தான். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. எழுதினதை உறையில் போட்டு ஜீப்னி வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புவது நான்.

போன ஆகஸ்டில் ரேடியோ நிலையத்துக்குப் புது மேலாளர் வந்தார். ஆண்டு விழாவன்று எழுத்தாளர் நேரலையில் பேசியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாடகம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் போட்டார். ஹெனா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எழுதறத விட்டுடறேன், மனாங்," என்றாள். அக்கா என்பதற்கு எங்களூரில் அப்படி. "மைக்கப் பாத்தா எனக்கு மூச்சே நின்னுடும்."

"விட்டுட்டு என்னடி பண்ணுவ? நான் போறேன். எனக்குத்தான் வாய் இருக்கே!"

"அதான் பயமா இருக்கு."

இரண்டு வார்த்தைக்குமேல் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினாள். நானும் அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் நேயர் ஒருத்தி போனில் அழுதாள். நாடகத்தில் படகுக்காரன் ரொசெந்தோ முந்தின வாரம் கடலில் மூழ்கியிருந்தான்.

"ஏன் மேடம் அவன கொன்னீங்க? எங்க தெருவே அவனுக்கு ஜெபம் பண்ணுது. இன்னிக்கு ஒன்பதாம் நாள். பன்னி அடிச்சுச் சமைச்சாச்சு."

அவனுக்காக நானே ஹெனாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். வாய் சும்மா இருக்குமா? "யாரு சொன்னது செத்தான்னு? வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றான்!" என்று சொல்லித் தொலைத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வருஷ உழைப்பைக் கெடுத்துவிட்டேனே, பாவி! வீட்டில் ஹெனா ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"திட்டுடி," என்றேன். "வேணும்னா ரெண்டு அறை குடு."

"பொணம் கெடச்சதுன்னு நான் எழுதவே இல்லையே," என்றாள் மெதுவாக. "ஆனா வெள்ளிக்கிழமைன்னு ஏன் சொன்ன? இன்னிக்கே புதன்."

அப்போது மேலாளர் போனில் கூப்பிட்டார். "மேடம், போன் நிக்காம அடிக்குது, ரொம்ப சந்தோஷம். ஆனா கெஞ்சிக் கேக்கறேன், இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. வாயத் தொறந்தா கதையெல்லாம் கொட்டிடறீங்க. எழுதி மட்டும் அனுப்புங்க."

நான் அதைச் சொன்னதும் ஹெனா "அப்பாடா!" என்றாள். எனக்கும் உயிர் வந்தது. சோறு இருக்கிறதா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான். ரேடியோவில் என் குரலைக் கேட்டவர்களாயிற்றே! நாடகத்தில் ரொசெந்தோ தன் ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நடுவே வந்து நின்றான். பெண்டாட்டி அலறவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. செத்தவனுக்கென்று எடுத்துவைத்த தட்டை அவன் பக்கம் நகர்த்தி, "ஆறிடுச்சு," என்றாள். அவ்வளவுதான் வசனம்.

எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நாள் பூரா தொணதொணன்னு பேசறவ, ஒரே வார்த்தைல எப்படிடி இப்படி அழ வெச்ச?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹெனாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அது தானா வருது," என்றேன்.

ஹெனா குனிந்து அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.