குளத்தங்கரையில் கூடிப்போன நூறு மீட்டர்

முத்துச்செல்வத்துக்குச் சோற்றுத் தட்டின் முன்னால்கூடப் பொறுமையாக உட்கார வராது. ஒரு காலை மடக்கிவைத்து மறுகாலை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவான். கீழப்பாவூரில் அவன் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருவர் போலீசிலோ பட்டாளத்திலோ இருந்தார்கள். அவன் வீட்டில்தான் இன்னும் யாரும் இல்லை. போலீஸ் எழுத்துப் பரீட்சையில் அவனும் கூட்டாளி இசக்கிமணியும் தேறியிருந்தார்கள். அடுத்தது ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

ஓடிப் பழகக் குளத்தங்கரை ரோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தூரத்தை அளந்து கொடுத்தவன் பென்னி. பாவூர்சத்திரத்தில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். தன் பைக்கைச் சும்மா விடமாட்டான், எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பான். மடையிலிருந்து மெதுவாக ஓட்டிப்போய், மீட்டரில் ஒன்றரை கிலோமீட்டர் ஏறியதும் இறங்கி, பக்கத்துப் பனைமரத்தில் சுண்ணாம்பைத் தீட்டிவிட்டு வந்தான்.

அந்தப் பனைமரம் இரண்டு பேரையும் பாடாய்ப் படுத்தியது. விடியும் முன்னே எழுந்து ஓடுவார்கள். எப்படி ஓடினாலும் ஏழு நிமிஷம் தாண்டி இருபது விநாடி ஆகும். சில நாள் அதற்கும் மேல். முத்துச்செல்வம் புது ஷூ வாங்கிப் பார்த்தான், டீயை விட்டுப் பார்த்தான். ராத்திரி படுத்தால் பனைமரம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஒருநாள் ஓட்டம் முடிந்ததும் இசக்கிமணி ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

"எனக்கு இதுக்கு மேல வராதுலே. எங்க அம்மைட்டயும் சொல்லிட்டேன். செங்கோட்டையில மரக்கடையில ஆள் கேக்காவ, போறேன்."

"இன்னும் நாள் கெடக்குல்லாலே."

"நாள் கெடக்கு. காலு வரணும்லா."

அடுத்த நாளே போய்விட்டான். முத்துச்செல்வம் தனியாக ஓடினான். பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லாமல் ஓடுவது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம் பென்னி அவனை விடாமல் இழுத்துக்கொண்டு போனான். "ஒருக்கா அருவியில தலையைக் குடு, எல்லாம் சரியாப் போவும்." முத்துச்செல்வம் ஓட்ட, பென்னி பின்னால் உட்கார்ந்து போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டு வந்தான். தென்காசி தாண்டியதும் கேட்டான்.

"மீட்டர்ல ஸ்பீடு எவ்வளவு காட்டுது?"

"அம்பத்தஞ்சு."

"போன்ல அம்பத்தொம்பதுன்னு வருதே."

"போன் கெடக்கு."

"இல்லலே. எல்லா வண்டியிலயும் மீட்டர்தான் கூடக் காட்டும். நம்ம வண்டியில கொறைச்சுல்லா காட்டுது."

முத்துச்செல்வம் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தான். போன வருஷம் பென்னி கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மட்கார்டை உயர்த்தி மாட்டித் தடிமனான டயர் போட்டிருந்தான்.

"பென்னி, மீட்டர் கேபிள் எங்கேயிருந்து வருது?"

"முன்வீல்ல இருந்துதான்."

சொல்லி முடிக்கும்போதே பென்னிக்குப் பிடிபட்டுவிட்டது. மீட்டருக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போய்விடும். மீட்டர் அதைப் பழைய டயரின் கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் சுண்ணாம்பு தீட்டிய பனைமரமும் தள்ளித்தான் நிற்கிறது. அருவிக்குப் போகவில்லை. "ஏறு, செங்கோட்டைக்குப் போவோம்" என்றான் முத்துச்செல்வம்.

மரக்கடையில் இசக்கிமணி மரத்தடி உருட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்னயச் சமாதானப்படுத்தக் கதை கட்டிட்டு வந்தியளாக்கும்."

முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சியிடமும் அதே மாதிரி பைக்தான். கம்பெனி டயர் மாற்றாதது. அவரைக் கேட்டு, இரண்டு வண்டியையும் சிமெண்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். முன்டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை உருட்டி, மறுபடியும் ஒரு கோடு. பென்னியின் வண்டி ஏறக்குறைய அரைச்சாண் தள்ளி நின்றது. மரம் அளக்கும் டேப்பை எடுத்து இசக்கிமணியே அளந்தான். திரும்பவும் அளந்தான். போனில் கணக்குப் போட்டான். அந்த ஒன்றரை கிலோமீட்டரில் நூறு மீட்டர் கூடுதலாக இருந்தது.

பென்னி தலையில் கைவைத்துக்கொண்டான். "உங்க ரெண்டு பேரையும் நான் கெடுத்துட்டேனேலே." யாரும் அவனைத் திட்டவில்லை.

இசக்கிமணி டேப்பைச் சுருட்டி வைத்தான். பிறகு, "அண்ணாச்சி, எனக்கு லீவு வேணும்" என்றான்.

திருநெல்வேலி மைதானத்தில் இருவருக்கும் ஒரே அணி. தூரம் தான் நினைத்ததைவிடக் குறைவு என்ற எண்ணமே முத்துச்செல்வத்தை உந்தித் தள்ளியது. முதல் சுற்றிலேயே எல்லோரையும் தாண்டி முன்னால் போனான். இரண்டாவது சுற்றிலும் அவனே முதல். மூன்றாவதில் தொடை இறுகியது. இசக்கிமணி பழக்கமான அதே வேகத்தில் பின்னாலிருந்து வந்து கடந்து போனான். கடக்கும்போது, "கூட வாலே" என்றான். முத்துச்செல்வத்தால் முடியவில்லை. கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஏழு நிமிஷம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டியதும் இசக்கிமணி பேச்சை எடுத்தான்.

"நீ செங்கோட்டைக்கு வராம இருந்திருந்தா இன்னைக்கும் தடிதான் உருட்டிட்டு இருப்பேன்."

"அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. மொத சுத்துல எனக்குப் பொறுக்கல."

வீட்டில் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஒரு வாரம் வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். இசக்கிமணி பயிற்சிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடப் போனவன், சிரித்துப் பேசிவிட்டு வந்து, ஆள் இல்லாத களத்தில் உட்கார்ந்து அழுதான்.

அடுத்த அறிவிப்பு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் தென்காசியில் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்து, பண்பொழி, திருவேங்கடம் என்று நாள் முழுக்க வண்டியில் சுற்றினான். மறுபடி எழுதினான், தேறினான். இரண்டாம் முறை மைதானத்தில் நின்றபோது, முதல் சுற்றில் எட்டுப் பேரை முன்னால் போகவிட்டான். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடிய அந்த இரண்டு நிமிஷம்தான் தன் வாழ்நாளிலேயே கஷ்டமானது என்று இப்போதும் சொல்லுவான். விசிலுக்கு முன்னாலேயே நான்காவதாக வந்து சேர்ந்தான்.